உதயகிரிக் கல்லறையும் ரூஸ்வெல்ட்டின் அம்மை வீடும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். சில இடங்களில் சுருக்கியும், அன்று பேச விட்டுப்போனதைச் சேர்த்தும் தந்திருக்கிறேன்.)

  

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘நம் மாவட்ட வரலாறு’. நான் படித்தது பி.காம். வேலை பார்த்தது வங்கியில், கிளார்க்காக, 34 வருஷம். வரலாறு பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் கணக்குப் பார்க்கத் தெரியும். அந்த அளவில் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது, நினைவிருக்கும். உதயகிரிக் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் டச்சுத் தளபதி டிலனாயின் கொள்ளுப்பேரன்தான் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், இது குமரி மாவட்டத்துக்கே பெருமை, எல்லோருக்கும் பகிருங்கள் என்று. நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நாலு பேருக்கு அனுப்பினேன். அதில் ஒன்று நியூஜெர்சியில் இருக்கும் என் பேத்திக்கு. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். கூடவே ஏதாவது ஒரு அமெரிக்கக் குடும்பம் எங்கிருந்து வந்தது என்றும் எழுத வேண்டுமாம். சரி, இது பிரயோஜனப்படும் என்று அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரியே வீடியோ காலில் வந்தாள். 11 வயசுப் பிள்ளை. “பாட்டா, இதுக்கு ஆதாரம் என்ன?” என்றாள்.

34 வருஷம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வவுச்சர் எங்கே, கையெழுத்து எங்கே என்று மற்றவர்களைக் கேட்டவன் நான். என்னை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

முதலில் நம் ஊர்க்காரரைப் பார்ப்போம். புலியூர்க்குறிச்சியில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறதே உதயகிரிக் கோட்டை, சுமார் 90 ஏக்கர். பிள்ளைகளை மான் பார்க்க எல்லோரும் கூட்டிப்போயிருப்பீர்கள். உள்ளே கூரையில்லாமல் நிற்கும் பழைய தேவாலயச் சுவர்களுக்கு நடுவில்தான் அவர் கல்லறை. கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து இருக்கிறது. யூஸ்தாக்கியுஸ் பெனடிக்துஸ் டி லனாய், இறந்தது 1777 ஜூன் 1. பக்கத்தில் மனைவி மார்கரீத்தா, மகன் ஜொகான்னஸ். அந்தப் பையன் 1765-ல் களக்காட்டுச் சண்டையில் 19 வயதில் போய்விட்டான். நான் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் பல தடவை நின்று போட்டோ எடுத்திருக்கிறேன். மகன் வயதைக் கவனித்தது இந்தத் தடவைதான்.

1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் படை டச்சுக் கம்பெனியை முறியடித்ததும், அங்கே பிடிபட்ட டி லனாய் பிறகு மகாராஜாவின் படைக்கே பயிற்சி கொடுத்து ‘வலிய கப்பித்தான்’ ஆனதும் உங்களுக்குத் தெரியும். வட்டக்கோட்டை, வடக்கே நெடுங்கோட்டை, உதயகிரியில் பீரங்கி வார்க்கும் பட்டறை, எல்லாவற்றிலும் அவர் கை உண்டு. நட்டாலம் நீலகண்ட பிள்ளை 1745-ல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனதற்கும் அவருடைய நட்பு ஒரு காரணம். 2022-ல் வத்திக்கானில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது இவர் பெயரும் சேர்ந்தே பேசப்பட்டது.

டச்சுத் தளபதி என்றுதான் சொல்கிறோம். டச்சு என்பது அவர் வேலை பார்த்த கம்பெனி மட்டும். அவர் பிறந்தது ஆராஸ் என்ற ஊரில், 1715-ல். அது அப்போதும் பிரான்ஸ், இப்போதும் பிரான்ஸ். தளபதி என்பதும் சந்தேகம். பத்மநாபபுரம் அரண்மனைப் படத்தில் மகாராஜா முன்னால் பெரிய தளபதி சரணடைவது போல வரைந்திருக்கிறார்கள். ஆனால் கம்பெனியின் பழைய ஏடுகளைப் புரட்டிய ஆய்வாளர்கள், குளச்சலுக்கு வந்தபோது அவர் அவ்வளவு பெரிய பதவியில் இல்லை என்கிறார்கள். அவர் பெரிய ஆளானது இங்கே வந்த பிறகு, திருவிதாங்கூர் சம்பளத்தில்.

இனி பெயருக்கு வருவோம். ‘டி லனாய்’ என்றால் லனாய் ஊர்க்காரர், அவ்வளவுதான். லனாய் என்பது பிரான்சின் வடக்கு மூலையில், லீல் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர். நம்மூரில் பெயருக்கு முன்னால் பறக்கை, சுசீந்திரம், தேரூர் என்று ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்வது போல. இரண்டு பேர் பெயருக்கு முன்னால் சுசீந்திரம் என்று இருந்தால் அவர்கள் சொந்தக்காரர்களா? இருக்கலாம். இல்லாமலும் போகலாம். ஆராஸுக்கும் லீலுக்கும் இடையே உள்ள தூரம், நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் உள்ளதைவிடக் குறைவு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் லனாய் என்ற பெயர் பல வீடுகளில் உண்டு.

அமெரிக்கக் கிளை தொடங்குவது இதே வட்டாரத்தில் இருந்துதான், ஆனால் நம் டி லனாய் பிறப்பதற்கு நூறு வருஷம் முன்னால். லீலுக்குப் பக்கத்தில் தூர்குவான் என்ற ஊரைச் சேர்ந்த குடும்பம். பிரெஞ்சு பேசும் புரோட்டஸ்டண்டுகள். அந்தப் பகுதி அப்போது கத்தோலிக்க ஸ்பெயின் ராஜாவின் ஆட்சியில் இருந்தது. புரோட்டஸ்டண்டாக வாழ வழியில்லாமல் பலர் ஹாலந்துக்குப் போனார்கள். அப்படி லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தவர் ழான் டி லனாய். அவர் மனைவி மரி மயூ. இவர்களுடைய மகன் பிலிப், 1603 வாக்கில் ஞானஸ்நானம் பெற்றவன். தகப்பன் சீக்கிரமே இறந்துவிட்டார்.

அமெரிக்காவுக்குப் போன ஆங்கிலேயப் புரோட்டஸ்டண்டுகளில் பலர் லெய்டனில்தான் கொஞ்ச காலம் தங்கியிருந்தார்கள். 1620-ல் அவர்கள் ஏறிப்போன கப்பல் மேஃப்ளவர். அதில் பிலிப்பின் சித்தப்பா முறைக்காரரான பிரான்சிஸ் குக் போனார். மயூ வீட்டுப் பெண் ஒருத்தியைக் கட்டியவர் அவர். அடுத்த வருஷம் 1621 நவம்பரில் ‘ஃபார்ச்சூன்’ என்ற கப்பல் 35 பேரோடு பிளிமத்தில் கரை சேர்ந்தது. அதில் பிலிப் இருந்தான். வயசு 18. இன்றைக்கு நம் வீட்டுப் பையன்கள் சித்தப்பாவையோ மாமாவையோ நம்பி துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போகிறார்களே, அதே கதைதான்.

1623-ல் பிளிமத் காலனியில் நிலம் பங்கு வைத்தார்கள். அந்தப் பட்டியலில் ‘பிலிப் டி லா நோய்’ என்று எழுதியிருக்கிறார்கள். எழுதினவர் ஆங்கிலேயர். காதில் விழுந்ததை எழுதிவிட்டார். 1646-ல் அந்தக் காலனியின் பெரிய மனிதர் எட்வர்ட் வின்ஸ்லோ வெளியிட்ட புத்தகத்தில், பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிறந்து லெய்டனில் இருந்து வந்தவர் என்று இவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். கொஞ்ச காலத்தில் டி லா நோய் டெலனாய் ஆகி, கடைசியில் ‘டெலானோ’ என்று நின்றது. அங்கே டி லனாய் டெலானோ ஆனார், இங்கே தில்லானை ஆனார். உதயகிரிக்குத் தில்லானைக் கோட்டை என்று ஒரு பெயர் உண்டே, அது இந்தப் பெயர்தான்.

பிலிப்புக்கு மகன் ஜோனதன். ஜோனதனுக்கு மகன் தாமஸ். தாமஸுக்கு எஃப்ரெய்ம். எஃப்ரெய்முக்கு வாரன், கப்பல் கேப்டன். அவருக்கு இன்னொரு வாரன். அந்த இரண்டாவது வாரனுக்கு மகள் சாரா, 1854-ல் பிறந்தவர். சாராவின் மகன் பிராங்க்ளின் டெலானோ ரூஸ்வெல்ட், பிறந்தது 1882. எட்டுத் தலைமுறை. யூலிசஸ் கிராண்ட் என்ற ஜனாதிபதிக்கும், சிறுவர் புத்தகங்கள் எழுதிய லாரா இங்கால்ஸ் வைல்டருக்கும் இந்த வீட்டு ரத்தம் உண்டு. அவர்களுக்கு வந்ததும் பெண்கள் வழியாகத்தான்.

கணக்கு இங்கேயே முடிந்துவிட்டது. ரூஸ்வெல்ட்டின் மூதாதை அமெரிக்காவில் கரையேறினது 1621. நம் டி லனாய் பிறந்தது 1715. 94 வருஷம் கழித்துப் பிறந்தவருக்கு ரூஸ்வெல்ட் எப்படிக் கொள்ளுப்பேரன் ஆவார்? நான் கட்டைவிரல் தூக்கினேனே, அதை இந்தச் சபையில் வாபஸ் வாங்குகிறேன்.

அப்படியானால் இரண்டு வீட்டுக்கும் அதற்கும் முன்னால் ஏதாவது தொடர்பு உண்டா? ஜோயல் ஆண்ட்ரூ டெலானோ என்பவர் 1899-ல் டெலானோ குடும்ப வரலாற்றைப் பெரிய புத்தகமாகப் போட்டார். அமெரிக்கக் கிளைக்கு அது நல்ல உழைப்பு. ஆனால் ஐரோப்பாவில் இருந்த லனாய் பிரபு குலத்தோடும் இதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள். தூர்குவான் வீட்டுக்கும் பிரபு வீட்டுக்கும் இடையில் காகிதம் இல்லை. நம் உதயகிரிக்காரருக்கும் தூர்குவான் வீட்டுக்கும் இடையிலும் இல்லை.

வங்கியில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. பணம் வந்திருக்கும், யாருடையது என்று தெரியாது. தள்ளவும் முடியாது, யார் கணக்கிலும் வைக்கவும் முடியாது. ஆதாரம் வரும்வரை சஸ்பென்ஸில் கிடக்கும். பழைய மேனேஜர் ஒருவர் மாதக் கடைசியில் கணக்கு டேலி ஆக வேண்டும் என்பதற்காகச் சஸ்பென்ஸில் கிடப்பதை எடுத்து யார் தலையிலாவது கட்டச் சொல்வார். மாட்டேன் என்று சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன். உதயகிரி லனாயும் அமெரிக்க டெலானோவும் என்ற பதிவை நான் சஸ்பென்ஸில் வைத்திருக்கிறேன். பேத்தியிடமும் அப்படியே சொன்னேன். சஸ்பென்ஸ் என்றால் சினிமாவா என்று கேட்டாள்.

அமெரிக்காவில் மேஃப்ளவர் வம்சாவளியினர் சங்கம் 1897-ல் இருந்து இருக்கிறது. எங்கள் பாட்டன் மேஃப்ளவரில் வந்தவர் என்று சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, கல்யாணம், இறப்பு என்று காகிதம் வைக்க வேண்டும். ஒரு கண்ணி அறுந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். நம் வங்கியைவிடக் கறார். எனக்கு அது பிடித்திருந்தது.

சரி, அடுத்தவன் வீட்டுக் கணக்கை இவ்வளவு பார்க்கிறாயே, உன் வீட்டுக் கணக்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். பேத்தியும் அதைத்தான் கேட்டாள். மரத்தில் எங்கள் பக்கத்துப் பெட்டிகளை நிரப்ப வேண்டுமே.

அப்பா வழியில், அவருடைய பாட்டா திருவிதாங்கூர் சர்க்காரில் தாசில்தாராக இருந்தார் என்று சொல்லியே வளர்த்தார்கள். கல்யாணப் பேச்சில் எல்லாம் அது வரும். பழைய நிலப் பத்திரம் ஒன்றில் அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பக்கத்தில் உத்தியோகமும் எழுதியிருக்கிறது. பார்வத்தியக்காரர் கச்சேரியில் கணக்கெழுத்து. அதாவது இப்போதைய கிராம அலுவலகத்தில் கிளார்க். என்னைப் போல. செத்த பிறகு அவருக்கு நாங்கள் பதவி உயர்வு கொடுத்துவிட்டோம். உண்மை தெரிந்ததும் வருத்தம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அந்தக் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்ல கையெழுத்து.

அம்மை வழி வேறு மாதிரி. எங்கள் அம்மையின் வீடு மருமக்கள்வழி. சொத்து பெண் வழியாகப் போகும், நிர்வாகம் காரணவர் கையில் இருக்கும். கவிமணியின் மருமக்கள்வழி மான்மியம் படித்தவர்களுக்கு அந்த வீடுகளின் சண்டை எல்லாம் தெரியும். கொல்லம் ஆண்டு 1101-ல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்த பிறகு குடும்பங்கள் பாகம் பிரிந்தன. அந்தச் சண்டையில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. பாகப் பத்திரத்தில் தறவாட்டில் உள்ள எல்லோர் பெயரும் எழுத வேண்டும், குழந்தை உட்பட, வயசோடு. பெண் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது, ஏனென்றால் தாவழியே அவள்தான். ஆண்வழிக் குடும்பங்களில் ‘இன்னாருக்கு மகன் இன்னார்’ என்று போய்க்கொண்டே இருப்பார்கள், பெற்றவள் பெயர் இருக்காது. ரூஸ்வெல்ட் கதையையே பாருங்கள். டெலானோ என்பது அவர் நடுப்பெயர், தாய் வீட்டுப் பெயர். அது நடுவில் நின்றதால்தான் நமக்கு இன்றைக்கு இந்தப் பேச்சே. உங்கள் வீட்டில் பழைய பாகப் பத்திரம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டுங்கள். சிங்கத்தில் இருந்து மார்கழி நடு வரைக்கும் என்றால் 824.

எங்கள் பத்திரம் 1107-ஆம் ஆண்டு. 1932-ஐ ஒட்டி. தம்பி வீட்டு மச்சுப் பெட்டியில் இருந்தது. ஆச்சி பெயர் இருக்கிறது, வயசு 30. அவள் மக்கள்: மாமா, வயசு 7. அதற்கு மேலே ஒரு பெண் பெயர், வயசு 11. என் அம்மை அப்போது பிறக்கவில்லை. சித்தி அதற்கும் பின்னால். எனக்குத் தெரிந்து ஆச்சிக்கு மூன்று பிள்ளைகள்தான்: மாமா, அம்மை, சித்தி. இந்தப் 11 வயசுப் பெண் யார்?

சின்னதிலேயே செத்துப்போயிருப்பாள் என்று நினைத்தேன். கேட்க வேண்டியவர்களில் சித்தி ஒருத்திதான் மிச்சம், 86 வயசு. போய்க் கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “அக்காவ நீ எங்கேடே பாத்தே?” என்றாள். பத்திரத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பெயரைத் தடவிப் பார்த்தாள். “என்னை இடுப்புல தூக்கிட்டுக் கோயிலுக்குப் போவா” என்றாள்.

அந்தப் பெரியம்மை நர்ஸ் வேலைக்குப் படித்திருக்கிறாள். அங்கே பழகின ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு ஆளுகள். வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். அவள் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்று ஆச்சி சத்தியம் வாங்கிவிட்டாளாம். எல்லோரும் காப்பாற்றினார்கள். என் அம்மை சாகும்வரை காப்பாற்றினாள். எனக்கு 60 வயசு தாண்டியும், எனக்கு ஒரு பெரியம்மை இருந்தாள் என்று தெரியாது.

டெலானோ வீட்டிலும் இது போல மூடி வைத்த சங்கதி ஒன்று உண்டு. ரூஸ்வெல்ட்டின் தாத்தா, இரண்டாவது வாரன் டெலானோ, சீனாவில் கேன்டன் துறைமுகத்தில் ரசல் கம்பெனி பங்குதாரராக இருந்து பணம் சம்பாதித்தார். தேயிலை வியாபாரம் என்று சொல்வார்கள். தேயிலையும் உண்டு. ஆனால் அபினும் உண்டு, பெரிய லாபம் அதில்தான். 1857-ல் அமெரிக்காவில் வங்கிகள் முறிந்தபோது அவர் பணமும் போயிற்று, மறுபடியும் ஹாங்காங் போய்ச் சம்பாதித்தார். சின்னப்பிள்ளை சாராவும் கப்பலில் அங்கே போயிருக்கிறார். குடும்பத்தில் அபின் சங்கதியை வெளியே பேசுவதில்லை. ஆனால் அவர்கள் மறைத்தது ஒருவர் செய்த வியாபாரத்தை. நாங்கள் மறைத்தது ஒரு ஆளையே. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. எது பெரிது என்று நீங்களே பாருங்கள்.

இங்கே ஒரு நடைமுறை விஷயம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வங்கிக்காரனைக் கூப்பிட்டது வீண். இறந்தவர்களின் டெபாசிட் கணக்கை வாரிசுகளுக்குக் கொடுக்கும் மேசையில் நான் ஆறு வருஷம் இருந்தேன். கணவர் இறந்து வரும் அம்மாக்கள் பிள்ளைகள் பெயரை எழுதுவார்கள். கணவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவர் பெயரை எழுத மாட்டார்கள். வேண்டுமென்றே இல்லை, தோன்றாது. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவி, மகன், மகளோடு சமபங்கு. மாமியாரின் சரியான பெயரே தெரியாத மருமகள்களைப் பார்த்திருக்கிறேன். ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று. 10 வருஷம் யாரும் தொடாத கணக்கில் உள்ள பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். போனாலும் வாரிசுகள் கேட்டு வாங்கலாம். தேடுவதற்கு ‘உத்கம்’ என்ற தளம் 2023-ல் இருந்து இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் பெயரைப் போட்டுப் பாருங்கள். தெரியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் அசோசியேஷன் அறையில் உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.

பெரியம்மையின் பெயரை இங்கே சொல்லவில்லை. அவள் பிள்ளைகள் இருப்பார்கள், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைக் கேட்காமல் மைக்கில் சொல்வது மரியாதை இல்லை. பேத்தியின் மரத்தில் ஆச்சிக்குக் கீழே முன்பு மூன்று பெட்டி, இப்போது நாலு. நாலாவதில் பெயரை எழுதி, பக்கத்தில் பிறந்த வருஷம் மட்டும் போட்டிருக்கிறாள். மீதியைக் காலியாக விடச் சொன்னேன். டீச்சர் கேட்டால் என்ன சொல்ல என்றாள். தாத்தா தேடிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லு என்றேன்.

சித்திக்கு ஒரு ஊர்ப் பெயர் மட்டும் நினைவிருந்தது. இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. விசாரித்ததில் அங்கே ஒரு வீட்டின் விலாசம் கிடைத்தது. அது அவர்கள் வீடுதானா என்று உறுதியாகத் தெரியாது. நேரே போய்க் கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. யார் நான், இத்தனை வருஷம் கழித்து எதற்கு வந்தேன் என்று கேட்டால்? அதனால் கடிதம் எழுதினேன், பத்திரத்தின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து உள்ளே வைத்து. சித்தியும் கீழே கையெழுத்துப் போட்டாள். கை நடுங்கி எழுத்து கோணலாக வந்தது, இன்னொரு காகிதம் கொடு என்றாள். இதுவே போதும் என்று வாங்கிக்கொண்டேன்.

ரிஜிஸ்டர் தபால். போய்ச் சேர்ந்துவிட்டது, ஒப்புகை அட்டை வந்துவிட்டது. யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. சித்தி தினமும் போன் பண்ணிக் கேட்கிறாள்.

நேரமாகிவிட்டது, டீ ஆறிக்கொண்டிருக்கிறது.